தலை இல்லாத பாம்பு

பேராசிரியரின் மின்னஞ்சல் வியாழன் காலை வந்தது. திங்கட்கிழமை காப்புரிமை விண்ணப்பம் போகும். அதற்கு முன் நான் ஒப்பந்தத்தில் ஒப்பமிட வேண்டும். ஒப்பமிட்டால் நான் உருவாக்கிய புரதம் ஒரு கம்பனிக்குப் போகும். கம்பனி அதை வைத்து முகச் சுருக்கத்துக்குக் களிம்பு செய்யும்.

நான் அதைப் பாம்புக்கடிக்காகச் செய்தேன்.

ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் 'எல்லாப் பயன்பாடுகளும்' என்று இருந்தது. பாம்புக்கடியை மட்டும் அதிலிருந்து விலக்கும்படி நான்கு மாதமாகக் கேட்டேன். கம்பனி மறுத்தது. பாம்புக்கடிக்கு மருந்து செய்யும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. கடிபடுகிறவர்களால் வாங்க முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வேறு யாரையும் செய்ய விடவும் மாட்டார்கள்.

பேராசிரியர் எழுதியிருந்தார்: இது உன் வாழ்க்கையின் பெரிய வாரம், கொண்டாடு. அதன் கீழே, நான் ஒப்பமிடாவிட்டால் என் வேலை ஒப்பந்தப்படி ஆய்வு நிறுவனமே எனக்குப் பதிலாக ஒப்பமிடலாம் என்று மரியாதையாக நினைவூட்டியிருந்தார். அதற்கும் கீழே வழக்கமான எச்சரிக்கை. விண்ணப்பம் போகும்வரை வரிசையை யாருக்கும் காட்டாதே. வெளியே தெரிந்தால் காப்புரிமை கிடைக்காது.

வரிசை என்பது எழுபத்தொரு எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தும் ஓர் அமினோ அமிலம். அந்த எழுபத்தொன்றும் எந்த ஒழுங்கில் வருகின்றன என்று தெரிந்தால் உலகில் எந்த ஆய்வுகூடமும் அந்தப் புரதத்தைச் செய்துகொள்ளலாம்.

மின்னஞ்சலை லயத்தின், தொழிலாளர் வரிசை வீடுகளின், கோடியில் தண்ணீர்ப் பைப்பருகே நின்று படித்தேன். தேயிலைத் தோட்டத்தில் அங்கேதான் சிக்னல் கிடைக்கும். பத்து நாள் விடுமுறையில் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். அண்ணன் சுமன் ஓப்பநாயக்க டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார். அண்ணி ஷாமிளா கொழுந்தெடுக்கிறாள். இருவருக்கும் மகனுக்கும் அந்த ஒற்றை அறை, ஒரு காம்பராதான். நான் தரையில் படுத்தேன்.

என் வேலை என்னவென்று தோட்டத்தில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. டொக்டர் என்றதும் முட்டி வலிக்கு மாத்திரை கேட்டார்கள். அந்த டொக்டர் இல்லை, பாம்பு விஷத்துக்குக் கணினியில் மருந்து வரைகிறேன் என்றேன். காத்தமுத்து கங்காணி அன்று பைப்படியில் குளித்துக்கொண்டிருந்தார்.

"பாம்பப் புடிக்கிறதில்ல, தொடுறதில்ல, பாக்கிறதுமில்ல. ஆனா பாம்பு மருந்து. நல்ல வேலைதான் புள்ள. எனக்கும் ஒன்னு எடுத்துக் குடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் சொன்னது சரி. விஷத்தில் ஒரு புரதம் இருக்கிறது. அது இரத்தக் குழாயின் சுவரை அறுக்கும். அது அறுப்பது தன் உடலிலுள்ள ஒரு சின்னப் பள்ளத்தைக்கொண்டு. அந்தப் பள்ளத்தில் இறுக்கமாக உட்காரும் இன்னொரு புரதத்தை, இயற்கையில் எங்கும் இல்லாத ஒன்றை, திரையில் வரைய வேண்டும். இருபதாயிரம் வரைந்தேன். தொண்ணூற்றாறைச் செய்து பார்த்தோம். ஐந்து ஒட்டின. ஒன்று விஷத்தை நிறுத்தியது. வயதானால் தோலைத் தளர்த்தும் புரதத்தையும் அது நிறுத்தியது; கம்பனிக்கு வேண்டியது அதுதான். விஷம் ஏற்றிய இருபது எலிகளில் பதினெட்டு பிழைத்தன. இதற்கு ஏழு வருடம் ஆனது.

அதற்கு முன் பதினைந்து வருடம். எனக்கு எட்டிய தூரத்தில் தமிழில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் இல்லை. உயர்தர வகுப்பைச் சிங்களத்தில் படித்தேன். கம்பஸில் ஆங்கிலம். ஜெர்மனியில் ஜெர்மன். ஒவ்வோர் இடத்திலும் எந்த ஊர் என்று கேட்டார்கள். தோட்டம் என்றதும் அடுத்த கேள்வி வரவில்லை.

ஜெர்மனியில் அந்த ஊருக்கு ஒரு பயன் இருந்தது. நிதி கேட்கும் கூட்டங்களில் பேராசிரியர் முதலில் ஒரு படத்தைக் காட்டுவார். தேயிலைச் செடியின் அடியில் ஒரு வெறுங்கால். வெடித்த குதிகால், சேறு, கொலுசு. அதைப் பார்த்ததும் அறை அமைதியாகும். அது ஷாமிளா அண்ணியின் கால். நான்தான் படம் எடுத்துக் கொடுத்தேன். அந்தக் காலுக்கு இரண்டு முறை நிதி கிடைத்தது. நான் அண்ணிக்கு ஒரு சோடி பூட்ஸ் அனுப்பினேன்.

கம்பனிக்காரர்கள் வந்த நாளில் அந்தப் படத்தைக் காட்டவில்லை. ஏன் என்று கேட்டேன். இந்தக் கூட்டத்துக்குப் பொருந்தாது என்றார் பேராசிரியர்.

*

பத்தரை மணிக்கு மலையிலிருந்து கூப்பாடு கேட்டது.

அண்ணியை இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் வைத்து நான்கு பெண்கள் தூக்கி வந்தார்கள். பூட்ஸ் போட்டிருந்தாள். கடி காலில் இல்லை. செடியின் அடியில் படர்ந்த கொடியைப் பிடுங்கியபோது வலது கை ஆள்காட்டி விரலில் கடித்திருந்தது. மலையில் புல் வெட்டி எட்டு மாதமாகிறது என்று தூக்கி வந்தவர்கள் சொன்னார்கள். விரல் ஏற்கெனவே கறுத்திருந்தது.

தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்கு, தேயிலைத் தொழிற்சாலைக்கு, போயிருந்தது. திரும்பி வந்ததும் அனுப்புவதாக ஆபீஸில் சொன்னார்கள். கொழுந்து காத்திருந்தால் வாடிவிடும். அன்று கடைக்குப் போகாமலிருந்த அண்ணன் ஒரு திரீவீலைக் கூப்பிட்டார்.

ஏறும்போது அண்ணியோடு கொழுந்தெடுக்கும் விஜயகலா ஒரு சொப்பிங் பேக்கை என் மடியில் வைத்தாள். "பாம்பு. டொக்டருகிட்ட காட்டுங்க."

உள்ளே பார்க்காமல் வாங்கிக்கொண்டேன். பையின் எடை எனக்குத் தெரிந்த எடை.

எங்கள் டிவிஷனில் பாம்பு கடித்தால் செய்கிற முறை ஒன்று உண்டு. பாம்பை அடிக்க வேண்டும். தலையை வெட்டி, கடித்த இடத்திலேயே புதைத்து, மேலே கல் வைக்க வேண்டும். தலை மலையில் இருந்தால் விஷமும் மலையோடு நின்றுவிடும். கடிபட்டவரோடு தலையும் ஆஸ்பத்திரிக்குப் போனால் விஷம் மேலே ஏறும். உடம்பை மட்டும் கொண்டுபோகலாம். டொக்டருக்குக் காட்ட அது போதும் என்பது நம்பிக்கை.

இருபது நிமிடத்தில் ஆஸ்பத்திரி. வார்டில் மஹ்ரூப் என்ற இளம் டொக்டர் இருந்தார். அண்ணியின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து மேசையில் அசையாமல் நிறுத்தி வைத்தார். பிறகு பையை ஒரு தட்டில் கவிழ்த்தார்.

முழங்கை நீளத்துக்கும் குறைவான உடம்பு. கல்லால் நசுக்கியிருந்தார்கள். தோல் பாதி உரிந்து மண்ணோடு ஒட்டியிருந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை.

"தலை எங்க?"

"பொதைச்சாச்சு டொக்டர்" என்றார் அண்ணன்.

மஹ்ரூப் கோபப்படவில்லை. நிறையப் பார்த்திருப்பார். இருபது நிமிடம் கழித்துக் குழாயைச் சாய்த்தார். இரத்தம் தண்ணீர்போல ஓடியது. உறையவில்லை. அவர் எங்களிடம் மெதுவாக விளக்கினார். இரண்டில் ஒன்று. கண்ணாடி விரியன் குட்டியாக இருந்தால் விஷமுறிவு ஊசி உடனே போட வேண்டும், தாமதித்தால் ஆள் போய்விடும். கோப்பி விரியனாக இருந்தால் அந்த ஊசி வேலை செய்யாது. வேலை செய்யாதது மட்டுமில்லை, சிலருக்கு அந்த ஊசியே ஆபத்து. தொண்டை வீங்கி மூச்சு நின்றுபோகும்.

அண்ணன் என்னைச் சுட்டிக் காட்டினார். "தங்கச்சி ஜெர்மனியில பாம்பு விஷத்துக்குத்தான் மருந்து கண்டுபுடிக்கிறா டொக்டர். கோப்பி விரியனுக்கேதான்."

மஹ்ரூப் தட்டை என் பக்கம் திருப்பினார். "அப்ப நல்லதாப் போச்சு. நீங்க சொல்லுங்க மிஸ். எது இது?"

குனிந்து பார்த்தேன். பழுப்பு நிறம். மங்கலான திட்டுகள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அந்த விஷத்தில் ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடினால் அந்தப் பள்ளத்தை எந்தப் பக்கமும் திருப்பிப் பார்ப்பேன். எங்கள் ஆய்வுகூடத்துக்கு விஷம் வெள்ளைத் தூளாக, ஒரு சிறு குப்பியில், தபாலில் வந்தது.

"எனக்குத் தெரியல" என்றேன்.

அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"மூக்கப் பாத்தா சொல்லிரலாம்" என்றார் மஹ்ரூப். "கோப்பி விரியனுக்கு மூக்கு நுனி மேல தூக்கியிருக்கும். ஒரு மணித்தியாலம் பாக்கிறேன். அதுக்கு மேல பாத்துக்கிட்டு இருக்க ஏலாது. கண்ணாடி விரியன்னு நெனச்சுப் போட்டுருவேன்."

நர்ஸ் ஆஸியா ஊசிக் குப்பிகளை எடுத்து வரிசையாக வைத்தாள். பத்துக் குப்பிகள். நான் அவற்றை எண்ணிக்கொண்டு நின்றேன். அவற்றையும் எனக்குத் தெரியும்.

நான் தலையைத் தேடிக் கிளம்பியதும் அண்ணன் வெளியே வந்து என் கையைப் பிடித்தார். கடையில் நாலு பேரோடு சிங்களத்தில் பேரம் பேசுகிற ஆள். மகனை டியூஷனுக்கு அனுப்புகிறவர்.

"தலைய எடுக்காத பாப்பா. அவளுக்கு ஏறிரும்."

"எடுக்காட்டி அந்த ஊசியப் போடுவாங்க."

"ஊசி போட்டா நல்லதுதானே."

"அம்மாவுக்குப் போட்டாங்களே, நல்லதா?"

கையை விட்டார்.

*

அம்மா கருப்பாயி இறந்தது 2003இல். எனக்குப் பதினைந்து வயது. அதே ஏழாம் நம்பர் மலை. அதே போல ஒரு பை. அன்றைய டொக்டர் உடம்பைப் பார்த்துக் கண்ணாடி விரியன் என்றார். ஊசி போட்டார்கள். பத்து நிமிடத்தில் அம்மாவின் உதடு தடித்தது. பிறகு கழுத்து. எனக்கு எதிரே, கட்டிலில், காற்றுக்கு வாயைத் திறந்து திறந்து மூடினாள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

கம்பஸில் இரண்டாம் வருடம் ஒரு கட்டுரையைப் படித்தேன். எங்கள் மாவட்டத்தில் தேயிலையிலும் இறப்பரிலும் கடிப்பது பெரும்பாலும் கோப்பி விரியன் என்று அதில் இருந்தது. அதற்கு முறிவு மருந்து இல்லை என்றும், கண்ணாடி விரியன் என்று தவறாக நினைத்து ஊசி போடுவது நடக்கிறது என்றும் இருந்தது. நூலகத்தில் அந்தப் பக்கத்தை நான்கு முறை படித்தேன். அன்றிலிருந்து நான் வேறெதையும் படிக்கவில்லை. வேறு யாருக்காகவும் வேலை செய்யவில்லை. முகச் சுருக்கத்துக்காக ஒரு நாள்கூட வேலை செய்யவில்லை.

*

மலையில் பெண்கள் திரும்பவும் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்தின் பகல் நிறுவைக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. அண்ணியின் கூடை வரிசையின் முனையில் தனியாக இருந்தது. காத்தமுத்து கல்லில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். தலையைப் புதைத்தது அவர்தான் என்று திரும்பி வரும்போதே திரீவீல்காரர் சொல்லியிருந்தார்.

எங்கே என்று கேட்டேன்.

"எதுக்கு?"

சொன்னேன். டொக்டர் சொன்னதையும், ஒரு மணித்தியாலத்தில் இருபத்தைந்து நிமிடம் போய்விட்டதையும் சொன்னேன்.

"தோண்டக் கூடாது புள்ள."

"கங்காணி, நேரமில்ல."

"ஒன் படிப்பு வேற. இது வேற."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. தலையை வெட்டி வெட்டியே இந்த மலையில் எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்று கேட்டது நினைவிருக்கிறது. என் அம்மாவை இந்த மூடத்தனம்தான் கொன்றது என்று சொன்னது நினைவிருக்கிறது. கொழுந்தெடுத்த கைகள் நின்றன.

காத்தமுத்து வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஒங்க அம்மாளுக்கு ஏறுனது ஏன்னு ஒனக்குத் தெரியும். அந்தத் தலைய ஒழுங்காப் பொதைக்கல. மேலாப்புல பொதைச்சு, கல்லும் வைக்கல. மறுநா நாய் கெளறிருச்சு. பொதைச்சது யாரு?"

அவரே தொடர்ந்தார்.

"சின்னப் புள்ளன்னு நாங்க ஒரு வார்த்த சொல்லல. இருபது வருசத்துக்கு மேல யாரும் சொல்லல. இன்னைக்கு நீ வந்து எங்களக் கேக்குற."

அம்மாவைக் கடித்த பாம்பின் தலையைப் புதைத்தது நான். பெரியவர்கள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மகள் கையால் புதைத்தால் நல்லது என்றார்கள். கையால் மண்ணைப் பறித்துப் புதைத்தேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அந்தத் தலையைப் பையில் போட்டிருந்தால் அம்மா பிழைத்திருப்பாள் என்று நான் நம்புகிறேன். அதை இன்னும் ஆழமாகப் புதைத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று இந்த மலை நம்புகிறது. நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இந்தப் பெண்கள் எனக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்து, தலையைத் தடவி, அதை நம்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

காத்தமுத்துவின் பக்கத்தில் மம்பட்டி கிடந்தது. எடுத்தேன். அவர் தடுக்கவில்லை. இடத்தையும் காட்டவில்லை.

வரிசைகளுக்கிடையில் நடந்தேன். ஒவ்வொரு செடிக்கடியிலும் கல் இருந்தது. மலை முழுதும் கல்தான். இரண்டு கல்லைப் புரட்டினேன். ஒன்றுமில்லை. மூன்றாவதைப் புரட்டும்போது விஜயகலா என் பக்கம் பார்க்காமல் முகவாயால் கீழே காட்டினாள்.

"கானுக்கு அந்தப் பக்கம். பட்டுப்போன செடி."

வடிகாலைத் தாண்டினேன். தட்டையான கல். ஒரு முழ ஆழம். இந்த முறை சரியாகப் புதைத்திருந்தார்கள். மம்பட்டியைப் போட்டுவிட்டுக் கையால் பறித்தேன். எறும்பு ஏறியிருந்தது. பெருவிரல் நுனியளவு தலை. மண்ணைத் துடைத்தேன். மூக்கின் நுனி மேலே தூக்கி, ஒரு சிறு மிளகாய்க் காம்புபோல நின்றது.

இந்த விஷத்தோடு ஏழு வருடம் வாழ்ந்திருக்கிறேன். அதன் முகத்தைப் பார்ப்பது முதல் முறை.

விஜயகலா தன் சோற்று டப்பாவைக் கொட்டிவிட்டு நீட்டினாள். "திருப்பிக் கொண்டாராதீங்க. எனக்கு வேணாம்."

திரீவீல் வரை காத்தமுத்து பின்னால் வந்தார்.

"அவளுக்கு ஏதாச்சும் ஆனா ஒன் கையாலதான்."

"தெரியும்" என்றேன்.

*

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எட்டு நிமிடம் ஆகியிருந்தது. மஹ்ரூப் காத்திருந்தார். முதல் குப்பியின் மூடி திறந்திருந்தது. டப்பாவை ஜன்னலருகே கொண்டுபோய் போன் வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு நொடி போதுமாக இருந்தது. ஆஸியாவிடம் குப்பிகளைத் திரும்ப உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார்.

"கோப்பி விரியன். போட்டிருந்தா வீணா ஒரு கண்டம்." என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "நல்ல வேல செஞ்சீங்க."

"இனி என்ன குடுப்பீங்க?"

"சேலைன். வலிக்கு மருந்து. சிறுநீர் எவ்வளவு போகுதுன்னு அளந்துக்கிட்டு இருப்போம். கொறஞ்சா கிட்னிக்கு மெஷின் வைக்க இரத்தினபுரிக்கு அனுப்புறது. இதுக்கு மருந்து இல்லையே மிஸ். ஒங்களுக்குத் தெரியாததா."

"இருக்கு."

அவர் நிமிர்ந்தார்.

மருந்து என்று சொல்லியிருக்கக் கூடாது. அது எலிகளைப் பிழைக்க வைத்த ஒரு புரதம். மனிதரில் யாரும் சோதிக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் சரியான சொல்லைத் தேட எனக்கு மனமில்லை.

"ஜெர்மனியில, குளிர்ப்பெட்டியில இருக்கு. நான் செஞ்சது."

"எப்ப வரும்?"

"வராது."

ஏன் என்று கேட்டார். சொன்னேன். களிம்பு என்றபோது புரியாமல் திரும்பவும் கேட்டார். முகத்துக்குப் பூசுகிற களிம்பு என்றேன். அவர் சிரித்தார். பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினார்.

வெளியே தாழ்வாரத்து வாங்கில் உட்கார்ந்தேன். விரல் நகங்களில் மண் இருந்தது. எதிரே ஒரு பெண் நெபுலைசரைக் குழந்தையின் முகத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். போனில் சிக்னல் முழுதாக இருந்தது.

என் கோப்புகள் எல்லாம் போனிலேயே திறந்தன. பொதுத் தரவுக் களஞ்சியம் ஒன்று உண்டு. ஆய்வுக் கோப்புகளை யாரும் அதில் ஏற்றலாம், யாரும் எடுக்கலாம். கட்டுரைகளைப்போல யாராவது சரிபார்க்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எழுபத்தொரு எழுத்துகளை ஏற்றினேன். வடிவக் கோப்பையும், பாக்டீரியாவில் அதைச் செய்யும் முறையையும், எலிச் சோதனைகளின் முடிவுகளையும், இறந்த இரண்டு எலிகளையும் சேர்த்து ஏற்றினேன். தலைப்பில் பாம்பின் பெயரை எழுதினேன். யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்ற பெட்டியில் குறியிட்டேன். கம்பனியும் எடுத்துக் களிம்பு செய்யலாம். செய்யட்டும். தனக்கு மட்டும் என்று பூட்டிவைக்க முடியாது.

கடைசியில் ஒரு கேள்வி வந்தது. வெளியிட்ட பிறகு நீக்க முடியாது, தொடரலாமா?

இருபத்திரண்டு வருடப் படிப்பும் வேலையும் அந்தப் பொத்தானில் இருந்தன. அடுத்த வேலைக்கு எனக்குச் சான்று தர ஒருவரும் இருக்க மாட்டார். வழக்குப் போடுவார்கள். விசா என் வேலையோடு கட்டியிருக்கிறது. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். யோசிக்காமல் செய்தேன் என்று பிறகு சிலர் எனக்காகப் பரிந்து பேசினார்கள். அப்படி இல்லை. அழுத்தினேன்.

பிறகு பேராசிரியருக்கு இணைப்பை மட்டும் அனுப்பினேன்.

பன்னிரண்டு நிமிடத்தில் அழைத்தார். முதலில் கணக்கை யாரோ களவாடிவிட்டார்கள் என்று நினைத்தார். நான்தான் என்றேன். பிறகு சொன்னார், நீ என்ன செய்தாய் என்று உனக்குத் தெரிகிறதா, காப்புரிமை இல்லாத ஒன்றில் இனி எந்தக் கம்பனியும் காசு போடாது, மனிதரில் சோதிக்க யாரும் முன்வர மாட்டார்கள், உன் மக்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே வழியை உன் கையாலேயே மூடிவிட்டாய்.

அதில் பாதி உண்மை. அதுதான் என்னை அதிகம் எரித்தது. மூடியிருந்த கதவின் முன் ஏழு வருடம் என்னை உட்கார வைத்துவிட்டு, இப்போது நான் அதை மூடினேன் என்கிறார்.

"அந்தக் கால் ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"எந்தக் கால்?"

வைத்துவிட்டேன். மாலைக்குள் என் மின்னஞ்சல் கணக்கைப் பூட்டிவிட்டார்கள்.

*

மறுநாள் காலை காத்தமுத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அண்ணிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். என்னைப் பார்க்காமல் அண்ணனிடம், தலையைத் தந்தால் கொண்டுபோய் இடத்தில் வைத்துவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் கண்ணிலும் அதே கேள்வி இருந்தது. இரவு முழுதும் அண்ணியின் பல் ஈறில் இரத்தம் கசிந்தது. கட்டிலின் கீழிருந்த போத்தலில் சிறுநீர் ஆறு மணித்தியாலத்துக்கு நூற்றைம்பது மில்லிலீட்டர். போதாது. நான் போத்தலைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். அதைத் தவிர எனக்கு வேலை இல்லை.

"தர முடியாது கங்காணி" என்றேன். தலையை மஹ்ரூப் மருந்து ஊற்றிய போத்தலில் போட்டு, பாம்பின் பெயர், மலை நம்பர், திகதி எல்லாம் எழுதி ஒட்டியிருந்தார். கம்பஸில் விஷம் படிக்கும் ஒருவருக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். என் எழுபத்தொரு எழுத்துகளின் இணைப்பையும் எழுதி வாங்கிக்கொண்டார். அதையும் அவருக்கே அனுப்புவதாகச் சொன்னார். அவர் என்ன செய்வார் என்று கேட்டேன். தெரியாது, அனுப்பத்தானே முடியும் என்றார்.

"அப்ப ஏறும்" என்றார் காத்தமுத்து.

"ஏறுனா என்னையக் கேளுங்க. எல்லாரும் கேளுங்க. இந்தத் தடவ மனசுக்குள்ள வச்சுக்கிட்டுத் தேத்தண்ணி ஊத்திக் குடுக்காதீங்க. நேராக் கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பழத்தை அலுமாரியில் வைத்துவிட்டு, அண்ணியின் காலைத் தொட்டுவிட்டு, போனார்.

அண்ணி கண்ணைத் திறந்திருந்தாள். கை தோள்வரை வீங்கியிருந்தது. தண்ணீர் கேட்டாள். இரண்டு வாய் கொடுத்தேன்.

"எந்தப் பாம்புன்னு சொன்னாங்க?"

"கோப்பி விரியன் அண்ணி."

"அத்தைக்குக் கடிச்சதும் அதானா?"

"தெரியாது."

"இவ்வளவு படிச்சும் தெரியாதா?"

கேலியாகத்தான் கேட்டாள். உதட்டில் இரத்தம் காய்ந்திருந்ததால் அந்தச் சிரிப்பு முழுதாக வரவில்லை.

"தலை இருந்தாத்தான் சொல்லலாம் அண்ணி. அதப் பொதைச்சிட்டேன்" என்றேன்.

குனிந்து போத்தலைப் பார்த்தேன். நூற்று எழுபது. இருபது கூடியிருந்தது. மணியையும் சேர்த்து எழுதினேன்.